இருபிறப்புக் கிண்ணம்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும், வீட்டுக்கு வந்த விருந்தாளியை இருத்திய பின்னர் அவர் முன்னே கொண்டுவந்து வைக்கப்படும் முதற்பொருள் வெற்றிலை வட்டா என்பதையும், காலுடன் கூடிய அந்தப் பித்தளைப் பாத்திரம் எவ்வளவு பளபளக்கிறது என்பதைக் கொண்டே வீட்டுக்காரியின் சீரை அளந்துவிடும் கிழவிமார் இன்னமும் நம்மிடையே உண்டு என்பதையும் இப்பிரதேசத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிரான்சு தேசத்திலே இதே உபசாரத்தைப் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்தது ஓர் இனிப்புக் கிண்ணம். வட்டாவைப் போலவே அதற்கும் பெரும்பாலும் கால் உண்டு. சில சமயம் மூடியும் உண்டு. பாக்குக்குப் பதிலாக அதில் இருப்பது சர்க்கரைப் பாகு பூசிய வாதுமைப் பருப்பு.

ஆதியில் இந்தக் கிண்ணம் பொன்னாலும் வெள்ளியாலும் ஆனதாகவும், பிரபுக்களுக்கு மட்டுமே உரியதாகவும் இருந்தது. மூன்றாம் ஹென்றி மன்னனின் ஆணையால் 1588ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் திகதி புளுவா மாளிகையிலே வெட்டுண்டு மாண்ட கீஸ் பிரபு, அரசனின் அறைக்குள் நுழைவதற்குச் சற்று முன்னர் பசிக்கிறதென்று சொல்லி உலர்ந்த பிளம்ஸ் பழங்களை வாங்கி உண்டு, எஞ்சியவற்றைத் தம்முடைய சிறிய இனிப்புச் செப்பில் இட்டுக்கொண்டார் என்று சரித்திரக்காரர் எழுதியிருக்கின்றனர். அக்காலத்தில் சர்க்கரை மருந்துக்கடைச் சரக்கு. பிற்பாடு மேற்கிந்தியத் தீவுகளிலே அடிமைகளின் உழைப்பால் விளைந்த கரும்புச் சர்க்கரை நாந்து, போர்தோ முதலிய துறைமுகங்களில் வந்து குவிந்தது. அதன் பின்னர் நெப்போலியன் காலத்து யுத்தத்தினால் கடல்வழி அடைபட்டபோது பீட்கிழங்கிலிருந்து சர்க்கரை காய்ச்சும் தொழில் ஓங்கியது. இவ்விரண்டினாலும் இனிப்பு மலிந்தது. மலிந்த இனிப்புக்குத் தக்க மலிவான, ஆயினும் அழகு குன்றாத பாத்திரம் வேண்டியிருந்தது. அந்த இடத்துக்கு வந்ததுதான் பீங்கான்.

கையினால் சித்திரம் தீட்டப்பட்ட பழைய பிரெஞ்சுப் பீங்கான் இனிப்புக் கிண்ணங்களை உலகெங்கும் சேகரிப்போர் ஏராளம். நம்மூர்க் கண்ணாடி அலுமாரிகளில், கலியாணப் படங்களுக்கும் பரிசுக் கோப்பைகளுக்கும் நடுவே, இப்படியான கிண்ணம் ஒன்று இருக்குமாயின் அது பெரும்பாலும் யப்பான் தேசத்து நொறிட்டாக்கே பீங்கானாகவோ, அக்கம்பனியின் மாத்தளைத் தொழிற்சாலையில் உண்டானதாகவோதான் இருக்கும். அதிலே குறைவொன்றுமில்லை. எனினும் பிரான்சுக் கிண்ணத்தின் வரலாறு அறிந்துகொள்ளத் தக்கது. ஏனென்றால் அப்படிப்பட்ட கிண்ணம் ஒவ்வொன்றும் இரண்டு முறை பிறந்தது. வெண்மையான உடலாய்ப் பிறந்தது ஒரு முறை. சித்திரம் பெற்றுப் பிறந்தது மற்றொரு முறை. இவ்விரண்டும் ஒரே ஊரில், ஒரே கூரையின் கீழ் நடந்திருக்க வேண்டும் என்ற நியதி கிடையாது. சேகரிப்போர் ஏமாறுவதும், விற்போர் ஏமாற்றுவதும், நல்ல பொருளைச் சிலர் வீணாகப் புறக்கணிப்பதும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தை உணராமையினாலேயே என்பது என் அபிப்பிராயம்.

பீங்கான் என்றால் என்ன என்பதை முதலில் பார்க்க வேண்டும். நம்மூர் எருமைத் தயிர் உறையும் மண்சட்டி செம்மண்ணாலானது. மிதமான சூட்டிலே சுடப்படுவது. அதன் உடம்பெல்லாம் நுண்துளைகள். அந்தத் துளைகள் தயிரிலுள்ள நீரை உறிஞ்சி வெளிவிடுவதனாலேயே தயிர் கட்டியாய், வெட்டியெடுக்கும் பதத்தில் அமைகிறது. ஆகவே துளை என்பது சட்டிக்குக் குணம். பீங்கானோ இதற்கு நேர்மாறு. கயோலின் எனப்படும் தூய வெண்களிமண்ணுடன் பெல்ஸ்பார் என்ற பாறைப்பொடியையும் படிகக்கல் பொடியையும் கலந்து, ஏறக்குறைய 1400 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில் வேகவைக்கும்போது, பாறைப்பொடி உருகிக் கண்ணாடியாகிக் களிமண்ணின் இடைவெளிகளையெல்லாம் அடைத்துவிடுகிறது. அதன் பின் ஒரு துளி நீரும் உட்புகாது. விரல் நகத்தால் தட்டினால் மணி போல் ஒலிக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்னால் இருக்கும் விரல்களின் நிழல் தெரியும்.

சீன தேசத்தார் ஆயிரம் வருஷங்களுக்கு மேலாக அறிந்திருந்த இந்த வித்தையை ஐரோப்பியர் நெடுங்காலம் அறியாதிருந்தனர். ஜெர்மனியிலே பொட்கர் என்னும் இரசவாதி, பொன் செய்து தருவதாகச் சொல்லி அரசனிடம் சிறைப்பட்டு, பொன்னுக்குப் பதிலாகப் பீங்கானைச் செய்து காட்டியதும், அதனால் 1710ஆம் ஆண்டு மைசன் நகரத்துத் தொழிற்சாலை எழுந்ததும் தனிக் கதை. பிரான்சுக்காரருக்குச் செய்தி வந்தது வேறு வழியில். அந்த்ரகொல் என்ற பிரெஞ்சு யேசுசபைப் பாதிரியார், சீனாவின் பீங்கான் நகரமாகிய ஜிங்டெஜெனில் இருந்துகொண்டு, தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற தொழிலாளரிடம் கேட்டும் தாமே கண்டும் அறிந்த செய்முறையை 1712ஆம் ஆண்டிலும் 1722ஆம் ஆண்டிலும் இரண்டு நீண்ட கடிதங்களாக எழுதியனுப்பினார். களிமண் இரண்டு வகை வேண்டும் என்பது, அவற்றைப் பிசையும் பக்குவம், சூளையின் அமைப்பு, ஒரே கிண்ணம் பல சித்திரக்காரரின் கைகளில் மாறி மாறிச் செல்லும் முறை ஆகிய யாவும் அக்கடிதங்களில் உண்டு.

யேசுசபையார் என்றவுடன் மட்டக்களப்பார்க்கு நினைவு வேறெங்கோ செல்லும். 1893ஆம் ஆண்டு திருகோணமலை மறைமாவட்டம் அமைக்கப்பட்டபோது மட்டக்களப்பும் அதனுள் அடங்கியிருந்தது. அதன் பொறுப்பு பிரான்சின் சம்பாஞ் மாகாணத்து யேசுசபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1898இல் ஆயராக வந்த சார்ல்ஸ் லவீஞ் ஆண்டகையும் பிரெஞ்சுக்காரரே. புளியந்தீவிலே எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டிய புனித மிக்கேல் கல்லூரியை வளர்த்தெடுத்தவர்களும் அச்சபையாரே. அதற்கும் முன்னர், 1672இல் டிலா ஹே என்பவரும் 1782இல் சுப்ரன் என்பவரும் பிரெஞ்சுக் கப்பற்படைகளோடு திருகோணமலைத் துறைக்கு வந்து சென்றனர். பீரங்கியோடு வந்தவர்கள் நிலைக்கவில்லை. புத்தகத்தோடு வந்தவர்கள் அரைநூற்றாண்டுக்கு மேல் நிலைத்தார்கள்.

அந்த்ரகொல்லின் கடிதங்கள் கிடைத்தும் பிரான்சுக்காரரால் உடனே பீங்கான் செய்ய முடியவில்லை. காரணம் எளிது: கயோலின் மண் எங்கே கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆகவே கண்ணாடிப் பொடியையும் வேறு மண்களையும் கலந்து போலிப் பீங்கான் ஒன்றைச் செய்துவந்தனர். மென்பீங்கான் என்று சொல்லத்தக்க அதனை மிகச் சிறப்பாகச் செய்தது 1740இல் வன்சென் என்னுமிடத்தில் தொடங்கி 1756இல் செவ்ர் நகருக்குப் பெயர்ந்த தொழிற்சாலை. 1759இல் பதினைந்தாம் லூயி மன்னனே அதற்கு உடைமையாளனானான். மென்பீங்கானின் மேற்பூச்சு இளகிய தன்மையுடையதாகையால், அதன்மேல் தீட்டிய வர்ணம் சூளையிலே சற்று உள்ளிறங்கி, ஈரம் உலராத புஷ்பம் போன்ற ஆழத்தைப் பெறும். அந்த அழகு கயோலினாலான பிற்காலத்து வன்பீங்கானுக்கு வரவில்லை என்று சொல்லும் ரசிகர் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆனால் மென்பீங்கான் எளிதில் கீறும், சூளையிலே வளைந்து கெடும், அதன் செலவோ அரசர்க்கே தாங்கும்.

பின்னர் 1768ஆம் ஆண்டு, லிமோஜ் நகரத்துக்குத் தெற்கே சென்-இறியே என்ற சிற்றூரிலே, தார்னே என்ற வைத்தியரின் மனைவி துணி வெளுப்பதற்கு நல்லதென்று ஊர்ப்புறத்திலிருந்து ஒரு வெண்மண்ணை எடுத்துவந்தாள் என்றும், அதனைக் கணவர் போர்தோ நகரத்து மருந்துக்கடைக்காரர் வில்லாரிஸ் என்பவருக்கு அனுப்ப, அவர் அதனைக் கயோலின் என்று அடையாளங் கண்டார் என்றும் சொல்லப்பட்டு வருகிறது. செவ்ர் தொழிற்சாலையின் இரசாயனவியலாளர் மக்கேர் அதனைப் பரீட்சித்து உறுதி செய்தார். அரசனும் இரசவாதியும் பாதிரியாரும் தேடிய பொருளைச் சலவைத் தொட்டியருகே நின்ற ஒரு பெண் கையிலெடுத்தாள் என்னும் இக்கதையிலே, வழக்கம் போல அவளுடைய சொந்தப் பெயரைவிடக் கணவரின் பெயரே முன்னிற்கிறது.

லிமோஜ் பிரதேசத்துக்கு மண் மட்டும் இருந்தால் போதாது. அங்கே வியென் நதி உண்டு. அதன் நீரோட்டம் ஆலைகளைச் சுழற்றியது, காட்டு மரங்களை மிதக்கவிட்டு நகரத்துச் சூளைகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அம்மாகாணத்தை அப்போது நிர்வகித்தவர், பிற்காலத்தில் பொருளியல் அறிஞராகவும் மன்னனின் நிதியமைச்சராகவும் புகழ்பெற்ற துர்கோ. வறிய அந்த மாகாணத்துக்குக் கைத்தொழில் வேண்டுமென்று அவர் ஊக்கப்படுத்த, 1771இல் லிமோஜின் முதற் பீங்கான் தொழிற்சாலை எழுந்தது. நம் நாட்டிலும் பொரலஸ்கமுவ, மீட்டியாகொட முதலிய இடங்களிலே கயோலின் படிவுகள் உள்ளன. ஆகையால் நிலத்தடியில் வெண்மண் கிடப்பது எத்தகைய தொழிலுக்கு வித்தாகும் என்பது நமக்கும் புரியாத விஷயமன்று.

இனிக் கிண்ணத்தின் முதற்பிறப்பைப் பார்ப்போம். கலவையிலே ஏறக்குறைய பாதி கயோலின். வட்டமான கிண்ணமாயின் சக்கரத்தில் வைத்து உருவாக்குவர். இலை வடிவமாகவோ சங்கு வடிவமாகவோ அமைய வேண்டுமாயின் கூழ் போன்ற மண்கலவையைச் சாந்து அச்சிலே ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சிய பின் உரித்தெடுப்பர். கைப்பிடியைத் தனியாகச் செய்து ஒட்டுவர். முதலில் சுமார் 1000 பாகைக்குச் சற்றுக் குறைந்த சூட்டில் ஒரு முறை சுட்டால் சுண்ணக்கட்டி போன்ற வெளிறிய, நீரை உறிஞ்சும் உடல் கிடைக்கும். அதனைக் கண்ணாடித் தன்மையுள்ள கூழிலே ஒரே அமிழ்ப்பில் தோய்த்தெடுத்து, அடிவட்டத்தில் ஒட்டிய பூச்சைத் துடைத்துவிட்டு, 1400 பாகைச் சூளைக்குள் வைப்பர். துடைக்காவிட்டால் கிண்ணம் தன் தட்டோடு ஒட்டிப்போகும். ஆதலால் நல்ல லிமோஜ் கிண்ணம் எதனையும் கவிழ்த்துப் பார்த்தால், அது நிற்கும் வளையம் மாத்திரம் மெருகில்லாமல் சற்றுச் சொரசொரப்பாய் இருக்கும். இந்தப் பெருந்தீயில் கிண்ணம் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்குவரை சுருங்கும். அத்துடன் உடலும் மெருகும் ஒன்றாக வெந்து பிரிக்கவொண்ணாதபடி சேர்ந்துவிடுவதால், நம்மூர் மலிவுக் கோப்பைகளில் நாளடைவில் தோன்றும் சிலந்திவலைக் கீறல்கள் இதில் அபூர்வம்.

சூளையிலிருந்து இறங்கியது வெறும் வெள்ளைக் கிண்ணம். இரண்டாம் பிறப்புக்கு அது காத்திருக்க வேண்டும்.

1400 பாகையைத் தாங்கும் வர்ணங்கள் மிகச் சில. கோபால்ட் நீலம் அவற்றுள் தலையாயது. மற்ற நிறங்களையெல்லாம் மெருகின்மேல் தீட்டி, சுமார் 800 பாகை அளவிலான சிறுதீயிலே தனியாகச் சுட வேண்டும். வர்ணங்கள் யாவும் உலோகங்களிலிருந்து வருபவை: செம்பிலிருந்து பச்சை, இரும்பிலிருந்து செந்நிறம், பொன்னிலிருந்து ரோஜா நிறம். கிண்ணத்தின் ஓரத்துப் பொற்கரையைக் கண்டு வியப்போர், நடுவிலிருக்கும் ரோஜாவின் சிவப்பும் பொன்னே என்பதை அறிவதில்லை. பொடியை டர்ப்பன்டைன் எண்ணெயிலே குழைத்துத் தூரிகையால் தீட்டும் சித்திரக்காரி, தன் கண்ணுக்குத் தெரியும் நிறத்தை நம்ப முடியாது. சூட்டிலே அது மாறும். மாறிய பின் எப்படி இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே தீட்ட வேண்டும். வழுவழுப்பான மெருகின்மேல் தூரிகை வழுக்கும். காகிதத்தைப் போல அது மையை உறிஞ்சிக்கொண்டு உதவாது. ஆகவே ஓர் இதழை ஒரே இழுப்பில், வேரிலே அழுத்தி நுனியிலே தூக்கி முடிக்க வேண்டும். இலேசான நிறங்களை முதலிலும் நிழல்களைப் பின்னுமாக இரண்டு மூன்று முறை சுடுவது உண்டு. கடைசியாகப் பொன். சூளையிலிருந்து மங்கலாய் வரும் கனத்த பொன்னை அகேட் கல்லாலே தேய்த்து ஒளியேற்றுவர். மலிவான திரவப் பொன்னோ தேய்க்காமலே பளபளக்கும், அதேபோல விரைவிலே தேய்ந்தும் போகும். எழுபது எண்பது வருஷத்துக் கிண்ணத்தின் கரையிலே பொன் இன்னும் கனமாய், சற்றே அடங்கிய ஒளியோடு இருக்குமாயின், அங்கே கை உழைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இந்தக் கைகளுள் ஒன்று உலகப் புகழ் பெற்றது. லிமோஜ் நகரில் 1841ஆம் ஆண்டு ஒரு தையற்காரரின் மகனாய்ப் பிறந்த ஒகுஸ்த் றெனுவார், குடும்பத்தோடு பாரிசுக்குப் பெயர்ந்து, பதின்மூன்று வயதிலே அங்கிருந்த பீங்கான் சித்திரக்கூடம் ஒன்றில் தொழில் பயிலச் சேர்ந்தார். முதலில் பூங்கொத்துகள், தேர்ச்சி வந்த பின்னர் மரீ அந்துவானெத் மகாராணியின் பக்கத்தோற்றம். அந்தச் சித்திரத்தைத் தட்டுத் தட்டாக எத்தனை முறை தீட்டியிருப்பாரோ! 1858 அளவிலே, அச்சிட்ட படத்தைப் பீங்கானின்மேல் ஒற்றும் இயந்திரமுறை வந்து, கூடம் மூடுண்டு, பையன் வேலையிழந்தான். விசிறிகளுக்கும் திரைகளுக்கும் படம் தீட்டி வயிறு வளர்த்த அந்தப் பையன் பிற்பாடு என்ன ஆனான் என்பதை ஓவிய உலகம் அறியும். ஒளி ஊடுருவும் மெல்லிய வர்ணங்களை வெண்மையான தளத்தின்மேல் பரப்பும் அவருடைய பழக்கம் பீங்கானிடத்துக் கற்றதே என்று ரசிகர் பலர் கருதுகின்றனர். அவரோடு வேலையிழந்த மற்றவர்களின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை. சேகரிப்போர் இன்று விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களின் கைவேலையைத்தான்.

இரண்டு பிறப்புகளும் வெவ்வேறு நாடுகளில் நிகழத் தொடங்கியதற்கு முக்கிய காரணமானவர் ஓர் அமெரிக்கர். நியூயோர்க்கில் பீங்கான் வியாபாரம் செய்த டேவிட் ஹவிலண்ட், தம் நாட்டு வாடிக்கையாளர்க்கு ஏற்ற பாத்திரங்களைச் செய்விக்கும் பொருட்டு 1842இல் லிமோஜிலே வந்து குடியேறினார். அமெரிக்க ஜனாதிபதி லிங்கனின் மனைவியார் 1861இல் வெள்ளை மாளிகைக்கு வாங்கிய ஊதாக்கரைப் பீங்கான் தொகுதி உடலால் ஹவிலண்டினது, லிமோஜில் பிறந்தது. கழுகுச் சின்னமும் கரையும் பெற்றதோ நியூயோர்க்கிலே, ஹவுவாட் என்ற வியாபாரியின் சித்திரக்கூடத்தில். பின்னர் அந்நூற்றாண்டின் கடைக்கூற்றிலே பீங்கான் ஓவியம் அமெரிக்கப் பெண்களிடையே பெரும் மோகமாயிற்று. வெள்ளைக் கிண்ணங்கள் லிமோஜிலிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலேறின. வீட்டுப் பெண்கள் அவற்றை வாங்கி வயலற் பூக்களும் ரோஜாக்களும் தீட்டி, பக்கத்துச் சிறுசூளையிலே சுட்டு, அடியிலே தம் பெயரையும் வருஷத்தையும் எழுதிப் பரிசளித்தனர். சிக்காகோவிலே பிக்காட் என்பவர் தொழில்முறைச் சித்திரக்காரரைக் கூட்டி இதே வெள்ளைகளுக்கு வர்ணமூட்டும் பெருங்கூடமே நடத்தினார்.

அடியிலே லிமோஜ் முத்திரை இருந்தும் சித்திரம் அமெரிக்கப் பெண்ணுடையதாக இருப்பின் அது போலி என்று முகஞ்சுளிக்கும் வியாபாரிகள் உண்டு. இது நியாயமன்று. உடல் லிமோஜினதென்று முத்திரை சொல்கிறது, அது உண்மை. சித்திரமும் அவ்வூரினதென்று எவன் சொன்னான்? தொழிற்கூடத்திலே நாளொன்றுக்கு இத்தனை கிண்ணம் என்று கூலிக்குத் தீட்டிய பூவிலே கை பழகிய நேர்த்தி இருக்கும். தன் சகோதரியின் கலியாணத்துக்கென்று ஒருத்தி தீட்டிய பூவிலே தயக்கமும் இருக்கும், அந்தத் தயக்கத்தோடு சேர்ந்த பிரியமும் இருக்கும். என்னைக் கேட்டால் முன்னதையே தேர்வேன். ஆயினும் பின்னதைப் பழிக்கமாட்டேன்.

கூலிக்குத் தீட்டியவர்களின் வாழ்வு பூப்போன்றதன்று. வர்ணப்பொடியிலே ஈயம் கலந்திருந்தது. சூளைக்கூடங்களிலே தூசி நுரையீரலை அரித்தது. 1905ஆம் ஆண்டு வசந்த காலத்தில், தொழிலாளரை, விசேஷமாகப் பெண்களை, இழிவாய் நடத்திய மேற்பார்வையாளன் ஒருவனை விலக்க வேண்டுமென்று எழுந்த வேலைநிறுத்தம் லிமோஜ் நகரமெங்கும் பரவி, தெருக்களிலே தடையரண்கள் எழுந்து, ஏப்பிரில் 17ஆம் திகதி இராணுவத்தின் துப்பாக்கிச் சூட்டிலே கமில் வார்தெல் என்ற பத்தொன்பது வயதுப் பீங்கான் தொழிலாளி உயிரிழந்தான். அந்த வருஷத்தை அண்டிய முத்திரை கொண்ட கிண்ணத்தைக் கையில் எடுப்பவர் இதனையும் அறிந்திருத்தல் நன்று.

இனி, கையிலே ஒரு கிண்ணம் கிடைத்தால் எப்படி ஆராய்வது? அடிக்கடி காணப்படும் வகையொன்றைச் சொல்கிறேன். மூன்று இதழாய் விரிந்த தட்டையான கிண்ணம், ஓரத்திலே சுண்டுவிரல் நுழையும் அளவில் ஒரு வளையப்பிடி, உள்ளே வயலற் பூங்கொத்து, கரையிலே பொன். முதலில் கவிழ்த்துப் பாருங்கள். மெருகின் கீழே, தொட்டால் தட்டுப்படாமல், பச்சை மையில் ஒரு முத்திரை இருக்கும்: டி அன்ட் வி, ஹவிலண்ட், கெரன், லான்தெர்னியே என்று பல உண்டு. அது உடலைச் செய்தவரின் முத்திரை. அதனருகே மெருகின்மேலே, சிவப்பிலோ நீலத்திலோ இரண்டாவது முத்திரை ஒன்று இருந்தால், அது சித்திரம் தீட்டிய கூடத்தினது. இரண்டும் இருப்பின் வேலை முழுவதும் தொழிற்கூடத்திலே முடிந்தது என்று துணியலாம். பச்சை மட்டும் இருந்து, ஓரத்திலே கையெழுத்தும் வருஷமும் இருந்தால், வெள்ளையாய் வாங்கி வேறெங்கோ தீட்டியது. பிரான்சு என்ற தேசப்பெயர் முத்திரையில் உண்டா என்றும் கவனிக்க வேண்டும். இறக்குமதிப் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் பொறிக்கப்பட வேண்டுமென்று அமெரிக்கா இயற்றிய தீர்வைச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்த பின்னரே அப்பெயர் வழக்கமாயிற்று. ஆகவே அது உள்ள கிண்ணத்தை அதற்கு முற்பட்டதென்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

பின்னர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பூவைப் பாருங்கள். சிறுசிறு புள்ளிகள் வரிசை வரிசையாய்த் தெரிந்தால் அது அச்சிட்டு ஒட்டிய படம். கோடுகள் ஒரே கனத்தில், உயிரின்றி ஓடி, உள்ளே மட்டும் நிறம் கையால் நிரப்பியிருந்தால், உருவரை ஒற்றப்பட்டது, வர்ணம் கையினது. இதழிலே தூரிகை மயிரின் வரிகள் தெரிந்து, ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்து, சாய்வான வெளிச்சத்தில் வர்ணம் மெருகைவிட இலேசாய் எழும்பித் தோன்றினால் அது கைச்சித்திரம். இரண்டு பூக்கள் அச்சொத்து ஒன்றாயிருந்தால் சந்தேகப்படுங்கள். கை தன்னையே இரண்டாம் முறை பிரதி செய்வதில்லை. பிரெஞ்சு மொழியிலே முழுதும் கையால் தீட்டியதென்று குறிப்பதும், கையால் மெருகூட்டியதென்று மட்டும் குறிப்பதும் வெவ்வேறு. பின்னது அச்சுப்படத்தின்மேல் நாலு தூரிகை இழுப்பு என்பதற்குமேல் பொருள்படாது.

பெயரை நம்பி ஏமாறுவதும் உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலே லிமோஜ் என்ற பெயரையே தாங்கிய ஒரு கம்பனி இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஏராளமான பாத்திரங்களைச் செய்து விற்றது. பிரான்சுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. செவ்ர் அரசத் தொழிற்சாலையின் முத்திரையாகிய பின்னிய இரு எழுத்துகளை உலகிலே எவரெவரோ தீட்டியிருக்கின்றனர். பாரிசிலே 1845இல் தொடங்கிய சம்சோன் நிலையம் பழைய பீங்கான்களைப் பிரதி செய்வதையே தொழிலாகக் கொண்டது. அதன் வேலை அத்தனை நேர்த்தியானதால் சம்சோன் பிரதிகளையே சேகரிப்போரும் இன்று உண்டு. ஒட்டிச் சரிசெய்த உடைவுகளைக் கண்ணால் காண முடியாதபோது ஊதாக்கடந்த ஒளிவிளக்குக் காட்டிக்கொடுக்கும்: பிற்காலப் பசையும் வர்ணமும் அவ்வொளியிலே பீங்கானிலிருந்து வேறுபட்டுத் தோன்றும். அதுவும் இல்லையெனில் தட்டிப் பாருங்கள். முழுக்கிண்ணம் மணி போல் ஒலிக்கும், கீறல் விழுந்தது மொத்தென்று ஒலிக்கும்.

இத்தனை குழப்பத்துக்கும் சட்டம் ஒரு முடிவு கட்டியது மிக அண்மையிலேதான். 2017ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் லிமோஜ் பீங்கான் என்ற பெயருக்குப் பிரான்சிலே புவியியற் குறியீட்டுப் பாதுகாப்புக் கிடைத்தது. அது முதல் அப்பெயரைத் தாங்கும் சித்திரப் பீங்கானின் உடலும் சித்திரமும் இரண்டும் லிமோஜ் அமைந்த ஒத்-வியென் மாவட்டத்துக்குள்ளேயே முடிய வேண்டும். நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட காலத்துக்கு முன் கடல் கடந்து பிரிந்த இரு பிறப்புகளும் மறுபடி ஓரூரிலே சேர்க்கப்பட்டன. அவ்வூரிலுள்ள அத்ரியன் துபுஷே தேசிய நூதனசாலையிலே, அந்த்ரகொல் கண்ட சீனப் பீங்கான் தொடங்கி இன்றைய வேலை வரை முறையாய் வைத்திருக்கிறார்கள். பாரிசிலே லா சப்பல் தெருக்களில் நம்மவர் கடைகளுக்கு நடுவே வாழும் உறவினர் எவர்க்கேனும் இவ்விஷயத்தில் நாட்டமிருந்தால், ஒரு பகற்பொழுதில் ரயிலேறிப் போய்வரத் தக்க தூரந்தான். அத்தனை தூரமும் வேண்டாமென்றால், வாரக்கடைசியில் சென்-துவான் பழம்பொருட் சந்தையிலே சுற்றினாலே போதும். அரசர் காலத்துச் செவ்ர் பீங்கான் நமக்கு எட்டாது. ஆனால் 1900த்தை அடுத்த சாதாரண லிமோஜ் இனிப்புக் கிண்ணம் மிக எளிய விலைக்கே கிடைக்கும், ஏனென்றால் அது இலட்சக்கணக்கிலே செய்யப்பட்டது. பழையது என்பதனாலேயே ஒன்று அரும்பொருளாகிவிடாது.

கிடைத்த கிண்ணத்தைப் பேணுவது பற்றி இரண்டொரு வார்த்தை. வாவிக்கரை உப்புக்காற்று வன்பீங்கானை ஒன்றும் செய்யாது. ஆனால் மூடியுடைய சிறு செப்புகளுக்குப் போட்டிருக்கும் பித்தளைக் கீல்களையும் வளையங்களையும் அரிக்கும். ஆகையால் அப்படிப்பட்டவற்றைக் காற்றுப்படும் யன்னலோரத்திலே வைக்கலாகாது. ஒன்றினுள் ஒன்றை அடுக்கினால் பொற்கரை உரசிப் போகும். இடையிலே துணி வையுங்கள். மெருகின்மேல் தீட்டிய பழைய வர்ணங்களிலே ஈயம் இருக்கக்கூடும் என்பதையும், புளிப்பு அதனைக் கரைத்தெடுக்கும் என்பதையும் மனத்திற்கொண்டு, தோடம்பழமோ ஊறுகாயோ அதில் இடாதீர்கள். கடதாசி சுற்றிய டொபி இடலாம், தொதலை நேரே இடுவதைத் தவிர்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வட்டாவைப் பளபளப்பாக்கும் அதே புளியையும் சாம்பலையும் கொண்டு இதனைத் துலக்கிவிட வேண்டாம். இளஞ்சூட்டு நீரும் சிறிது சவர்க்காரமும் மெல்லிய துணியும் போதும். ஒரு முறை புளி பட்டுத் தேய்ந்த பொன்னைத் திரும்ப வைப்பதற்கு மறுபடியும் 800 பாகைச் சூளைதான் வேண்டும்.